டயருக்கு எத்தனை நட்சத்திரம்?

குளிர்சாதனப் பெட்டி வாங்கச் செல்பவர்கள் அதன் கதவில் ஒட்டியிருக்கும் சீட்டில் எத்தனை நட்சத்திரங்கள் உள்ளன என்று எண்ணிப் பார்த்து வாங்குவது இன்று நம்மிடையே வழக்கமாகிவிட்டது. நல்ல வழக்கம்தான். மின்சாரக் கட்டணத்தைப் பற்றிப் பொதுமக்களைச் சிந்திக்க வைத்ததில் அச்சீட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. சீட்டை வழங்கும் எரிசக்தித் திறன் பணியகம் கார் டயர்களுக்கும் நட்சத்திரம் வழங்கும் திட்டத்தை வகுத்து, 2022-ஆம் ஆண்டு முதல் அத்தகைய டயர்களும் கடைகளில் காணக் கிடைக்கின்றன. குளிர்பெட்டியை வாங்குவது போலவே டயரையும் நட்சத்திரத்தை எண்ணி வாங்கிவிடலாமா? கூடாது என்பது என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன், கணக்கையும் உடன் தருகிறேன். வாசகர்கள் தாளும் பென்சிலும் எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இந்த ஆராய்ச்சியில் நான் இறங்கியதற்குக் காரணம் என் மாமனார். பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் 'ஹைபிரிட்' கார் ஒன்றை அவர் வைத்திருக்கிறார். நம் நாட்டில் இவ்வகைக் கார் புதிதன்று. டொயோட்டா பிரியஸ் 2010-லேயே இங்கு விற்பனைக்கு வந்தது. ஆனால் நடுத்தரக் குடும்பத்தார் எட்டிப் பிடிக்கும் விலையில் மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் போன்றவை வந்தது 2022-இல்தான். அப்போது வாங்கிய கார்களெல்லாம் இப்போது முதல் டயர் மாற்றத்துக்கு வந்து நிற்கின்றன. ஆகவே இது என் மாமனார் ஒருவரின் பிரச்சினையன்று.

"மாப்பிள்ளை, நீங்க பிசிக்ஸ் வாத்தியாருங்க. எந்த டயரு போடறதுன்னு நீங்களே வந்து பாத்துச் சொல்லிப் போடுங்க" என்றார். போனேன். மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள அந்தக் கடையில், பெரியநாயக்கன்பாளையத்துப் பாதிக் கார்கள் வரிசையில் நிற்பது போல் கூட்டம். கடைத் தம்பி ஐந்து நட்சத்திரச் சீட்டு ஒட்டிய டயர் ஒன்றை உருட்டி வந்து, "ஹைபிரிட் வண்டிக்கு இதுதானுங் சார். மைலேஜ் குறையவே குறையாதுங்" என்றார். "ஈரத்தில் எப்படிப் பிடிக்கும்?" என்று கேட்டேன். "அதெல்லாம் நல்லாப் புடிக்குமுங் சார்." "எவ்வளவு நன்றாக?" தம்பி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் விடை இல்லை. குற்றம் அவருடையது அல்ல, சீட்டினுடையது.

நட்சத்திரம் எதை அளக்கிறது என்று முதலில் காண்போம். காற்றடைத்த டயர் தரையைத் தொடும் இடத்தில் சற்றுத் தட்டையாகிறது. அவ்விடத்தை விட்டு நகர்ந்ததும் மீண்டும் வளைகிறது. அமுங்கும்போது நாம் கொடுத்த ஆற்றல் முழுவதையும் இரப்பர் நிமிரும்போது திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதியை வெப்பமாக்கி விழுங்கிவிடுகிறது. மேல்நிலைப் பள்ளியில் காந்தத் தயக்கம் படித்தவர்களுக்கு அந்த வளைகோடு நினைவிருக்கும். போன வழியே திரும்பாத அதே குணம் இரப்பருக்கும் உண்டு. கோடு அடைத்துக்கொள்ளும் பரப்பே நாம் இழக்கும் ஆற்றல். இவ்விழப்பு வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் விசையாகத் தோன்றுகிறது. இதற்கு உருளும் தடை என்று பெயர். டயரின் மீதுள்ள ஒவ்வோர் ஆயிரம் நியூட்டன் எடைக்கும் இத்தடை எத்தனை நியூட்டன் என்பதே அதன் குணகம். நல்ல டயருக்கு 6, 7. சுமாரான டயருக்கு 10, 11. குணகம் குறைந்தால் நட்சத்திரம் கூடும்.

இனி பணத்தைப் பார்ப்போம். ஆட்களுடன் சேர்த்துக் காரின் நிறை 1,500 கிலோ என்க. எடை 14,700 நியூட்டன். குணகம் 10 உள்ள டயரில் தடை 147 நியூட்டன்; 7 உள்ள டயரில் 103 நியூட்டன். வேறுபாடு 44 நியூட்டன். நூறு கிலோமீட்டருக்கு இது 44 லட்சம் ஜூல் வேலை. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 320 லட்சம் ஜூல் உள்ளது. ஹைபிரிட் கார் அதில் மூன்றில் ஒரு பங்கைச் சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்கிறது என்று வைத்துக்கொண்டால், மிச்சமாகும் பெட்ரோல் நூறு கிலோமீட்டருக்கு 0.4 லிட்டர். டயரின் ஆயுள் 40,000 கிலோமீட்டர் என்றால் 160 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் வீதம் 16,000 ரூபாய். ஒதுக்கித் தள்ளக்கூடிய தொகையன்று.

ஆனால் இதே கணக்கைச் சாதாரணப் பெட்ரோல் காருக்குப் போட்டுப் பாருங்கள். அது சக்கரத்துக்குக் கொண்டுசேர்ப்பது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆகவே அதே 44 லட்சம் ஜூலைக் கொடுக்க அது கூடுதலாகக் குடிக்க வேண்டிய பெட்ரோல் 0.6 லிட்டருக்கும் மேல். டயரின் ஆயுளில் 250 லிட்டர், 25,000 ரூபாய். அதாவது, உருளும் தடை குறைந்த டயரால் ரூபாயில் அதிக இலாபம் அடைபவர் ஹைபிரிட் காரின் சொந்தக்காரர் அல்லர். பக்கத்து வீட்டுச் சாதாரணக் காரின் சொந்தக்காரர்! 'ஹைபிரிட்டுக்கென்றே' என்று சொல்லி விற்கப்படும் டயர்களின் விளம்பரங்களில் இதை நான் எங்கும் கண்டதில்லை.

இன்னொரு சிறு கணக்கும் உதவும். ஐரோப்பிய முறையில் டயர்களை ஏ, பி, சி என்று தரம் பிரிக்கிறார்கள். ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் இடையே குணகத்தில் ஏறக்குறைய 1.2 வேறுபாடு. மேற்கண்ட வழியிலேயே கணக்கிட்டால் ஒரு படி உயர்வின் மதிப்பு டயர் ஒன்றுக்குச் சுமார் 1,600 ரூபாய். கடைக்காரர் ஒரு படி உயர்ந்த டயருக்கு 3,000 ரூபாய் அதிகம் கேட்டால், நீங்கள் மைலேஜுக்காக அல்ல, சீட்டுக்காகப் பணம் கொடுக்கிறீர்கள்.

இதுவரை கூறியவை நட்டக் கணக்கு, இலாபக் கணக்கு. என் முக்கியமான குறை வேறு. நட்சத்திரம் குறைந்த குளிர்பெட்டியை வாங்கினால் என்ன நேரும்? மின்கட்டணம் கூடும், வேறொன்றுமில்லை. ஆனால் டயருக்கு இரண்டு வேலை. ஓட வேண்டும்; நிற்கவும் வேண்டும். ஓடுவதை மட்டும் அளந்து நட்சத்திரம் போட்டுவிட்டு, நிற்பதைப் பற்றி வாய் திறக்காத சீட்டை எப்படிப் பாராட்டுவது?

நிற்பதற்கு விதியே இல்லை என்று நான் கூறவில்லை. உருளும் தடை, ஈரச் சாலைப் பிடிப்பு, ஓசை ஆகிய மூன்றுக்கும் எல்லைகளை விதித்து 2022-இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவிப்பு வெளியிட்டது. ஏ.ஐ.எஸ். 142 என்ற தரநிலையே அதற்கு அடிப்படை. நல்ல முன்னேற்றம். ஆயினும் எல்லை என்பது தேர்ச்சி மதிப்பெண். 35 வாங்கியவனும் தேர்ச்சி, 95 வாங்கியவனும் தேர்ச்சி. எந்தப் பெற்றோராவது 'தேர்ச்சி' என்ற ஒரு சொல்லோடு திருப்தியடைந்து மதிப்பெண் பட்டியலைக் கேட்காமல் இருப்பாரா? ஐரோப்பிய நாடுகளில் 2012 முதல் ஒரே சீட்டில் உருளும் தடைக்கு ஓர் எழுத்து, ஈரப்பிடிப்புக்கு ஓர் எழுத்து என்று அருகருகே அச்சிட வேண்டும் என்பது சட்டம். நம் தொழிற்சாலைகளில் உருவாகி அங்கு ஏற்றுமதியாகும் டயருக்கும் அந்த இரண்டு எழுத்துகளும் உண்டு. அதாவது, அளவு எடுக்கப்படுகிறது, எண் இருக்கிறது. அங்குள்ள வாடிக்கையாளருக்குக் காட்டப்படும் எண் இங்குள்ளவருக்கு ஏன் காட்டப்படக்கூடாது?

இரண்டாவது எழுத்தின் பொருள் என்ன என்பதை ஒரு கணக்கால் உணரலாம். ஈரப்பிடிப்புக் குறியீடு என்பது ஒரு மாதிரி டயரோடு ஒப்பிட்ட விகிதம். பி தரத்தின் தொடக்கம் 1.40, டி தரத்தின் தொடக்கம் 1.10. நனைந்த சாலையில் 80 கி.மீ. வேகத்திலிருந்து பி தர டயர் 30 மீட்டரில் நிற்கிறது என்க. டி தர டயர் நிற்க 38 மீட்டர் ஆகும். எட்டு மீட்டர்தானே என்று நினைக்கலாம். பி டயர் முழுவதுமாக நின்றுவிட்ட அந்த 30-ஆவது மீட்டரில் டி டயர் பூண்ட கார் என்ன வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் தெரியுமா? மணிக்கு 37 கி.மீ. வேகத்தின் வர்க்கம்தான் தூரத்தோடு நேர்விகிதத்தில் குறைகிறது என்பதால் வரும் விடை இது. மேட்டுப்பாளையம் சாலையில் மாலை மழையில் பேருந்திலிருந்து இறங்கிச் சாலையைக் கடக்கும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பாருங்கள்.

"உருளும் தடையைக் குறைத்தால் பிடிப்பும் குறையத்தானே செய்யும்? இரண்டையும் எப்படி ஒருசேரக் கேட்கிறீர்கள்?" என்று ஒரு வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி, நெடுங்காலம் டயர் வல்லுநர்களும் இப்படித்தான் எண்ணினார்கள். பிடிப்புக்கும் இரப்பரின் ஆற்றல் இழப்பே காரணம். சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களின் மேல் இரப்பர் வழுக்கும்போது விழுங்கும் ஆற்றல்தான் காரை நிறுத்துகிறது. ஆகவே குறைவாக விழுங்கும் இரப்பர் குறைவாகவே பிடிக்கும் என்பது தர்க்கம். இத்தர்க்கத்தில் ஓர் ஓட்டை உண்டு. அந்த ஓட்டை அதிர்வெண். 80 கி.மீ. வேகத்தில் டயர் விநாடிக்குச் சுமார் 10 முறை சுழல்கிறது. எனவே உருளும்போது இரப்பர் அமுங்கி நிமிர்வதும் விநாடிக்குச் சில பத்து முறைகளே. வழுக்கும்போதோ, சாலையின் பொடிக்கற்கள் அதை விநாடிக்கு ஆயிரக்கணக்கில், இலட்சக்கணக்கில் அதிர வைக்கின்றன. குறைந்த அதிர்வெண்ணில் கஞ்சனாகவும் உயர்ந்த அதிர்வெண்ணில் ஊதாரியாகவும் நடந்துகொள்ளும் இரப்பரைச் செய்தால் இரண்டும் கைகூடும். 1990-களின் தொடக்கத்தில் இதற்கு வழி பிறந்தது. டயரைக் கறுப்பாக்கும் கார்பன் கரியின் பெரும்பகுதியை நீக்கிவிட்டுச் சிலிக்காவை, அதாவது மணலின் மூலப்பொருளையே மிக நுண்ணிய தூளாக்கி, இரப்பரோடு வேதிப்பிணைப்பால் சேர்த்தார்கள். மிஷலின் நிறுவனம் 1992-இல் இவ்வகை டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஆக, நல்ல டயர் என்பது ஆகாத காரியமன்று. ஆனால் ஐந்து நட்சத்திரம் பெறச் சிலிக்கா மட்டுமே வழியன்று என்பதுதான் தொல்லை. இரப்பரைக் கடினமாக்கினாலும் தடை குறையும், பிடிப்பும் போகும். தரையைத் தொடும் பட்டையின் கனத்தைக் குறைத்தாலும் தடை குறையும், அமுங்கும் இரப்பரே குறைவல்லவா? ஆனால் டயர் விரைவில் தேய்ந்து மொட்டையாகும். மூன்று வழிகளில் எவ்வழியே வந்தாலும் சீட்டில் விழும் நட்சத்திரம் ஒன்றுதான். படித்துத் தேறியவன், மனப்பாடம் செய்தவன், பார்த்து எழுதியவன் மூவருக்கும் ஒரே மதிப்பெண் வழங்கும் தேர்வு அது!

அளக்கும் முறையிலும் எனக்கு ஒரு சிறு மனத்தாங்கல். உருளும் தடையை ஆய்வுக்கூடத்தில் பெரிய எஃகு உருளையின் மேல் டயரை ஓடவிட்டு, 25 டிகிரி வெப்பநிலைக்குக் கணித்துச் சொல்கிறார்கள். டயருக்கு டயர் ஒப்பிட இது போதும். காரமடை வரையில் எத்தனை வேகத்தடை என்பது அந்த எஃகு உருளைக்குத் தெரியாது. போகட்டும்.

ஹைபிரிட் காருக்கென்று தனியாகக் கவனிக்க வேண்டியவை உண்டா? உண்டு, கடையில் சொல்வது அல்ல. இக்கார்களில் பிரேக்கை மிதித்ததும் மோட்டாரே மின்னாக்கியாகி, ஓட்டத்தின் ஆற்றலைப் பாட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. நான் மேலே கூறிய கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரங்களால் இயங்குபவை. எனவே திருப்பி எடுக்கும் ஆற்றல் முழுவதும் இரண்டு முன் டயர்களின் பிடிப்பு வழியாகவே வந்தாக வேண்டும். ஈரத்தில் டயர் வழுக்கத் தொடங்கினால் கட்டுப்பாட்டுக் கருவி உடனே மின்னாக்கத்தைக் கைவிட்டுச் சாதாரண பிரேக்கிடம் வேலையை ஒப்படைத்துவிடும். பிடிப்பில்லாத டயர், ஹைபிரிட் காரின் சிறப்பையே மழைக்காலத்தில் பறித்துக்கொள்கிறது. அன்றியும், நின்ற நிலையிலிருந்தே மோட்டார் முழு முறுக்கு விசையைத் தருவதால் முன் டயர்கள் முதலில் தேயும். முன்னையும் பின்னையும் மாற்றிப் போட மறக்கக்கூடாது.

நம் பகுதிக்காரர்களுக்கு இன்னொன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1,500 கிலோ கார் குன்னூரிலிருந்து இறங்கும்போது இழக்கும் நிலையாற்றல் 220 லட்சம் ஜூல். மின்சார வாரியக் கணக்கில் 6 யூனிட். கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் ஆகியவற்றின் பாட்டரி கொள்வது 0.76 யூனிட்தான்! உருளும் தடையும் காற்றும் ஒரு யூனிட்டுக்குச் சற்று அதிகமாகத் தின்றாலும் மிச்சம் பாட்டரியைப் போல் ஆறு மடங்கு. மலைப்பாதையின் தொடக்கத்திலேயே பாட்டரி நிறைந்துவிடும். பிறகு பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும் உங்களைக் காப்பவை எஞ்சினின் இழுப்பும் பிரேக்கும் டயரின் பிடிப்புமே. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பாதையை அறிந்தவர்களுக்கு நான் மேலும் சொல்ல வேண்டியதில்லை. (இறக்கத்தில் மட்டும் உருளும் தடை அதிகமுள்ள டயர் நமக்கு நண்பன் என்பது வேடிக்கைதான்.)

சுமையெண்ணையும் பாருங்கள். ஹைபிரிட் கார் தன் பெட்ரோல் உடன்பிறப்பைவிடச் சுமார் நூறு கிலோ கூடுதல் எடையுள்ளது. பக்கச்சுவரில் 215/60 ஆர் 17 என்று அளவு எழுதி அருகே 96 என்றிருந்தால், அந்த டயர் 710 கிலோ தாங்கும் என்று பொருள். பழைய டயரில் உள்ள எண்ணைவிடக் குறைந்த எண்ணை ஏற்காதீர்கள். தயாரித்த வாரமும் ஆண்டும் நான்கு இலக்கமாகப் பொறிக்கப்பட்டிருக்கும்; கடையில் இரண்டு மூன்று ஆண்டு தூங்கிய டயர் வேண்டாம். நைட்ரஜன் அடைத்தால் மைலேஜ் கூடும் என்று காசு கேட்பார்கள். நாம் மூச்சுவிடும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். மாதம் இருமுறை காற்றழுத்தத்தைச் சரிபார்ப்பதே அதைவிட அதிகப் பயன் தரும். அதற்குப் பெரும்பாலும் காசும் கிடையாது.

நாங்கள் என்ன வாங்கினோம்? ஐந்து நட்சத்திர டயரை வாங்கவில்லை. வெளிநாட்டிலும் அதே பெயரில் விற்கப்பட்டு, அங்கே ஈரப்பிடிப்பில் பி எழுத்தும் உருளும் தடையில் சி எழுத்தும் பெற்ற ஒரு டயரைத் தேர்ந்தெடுத்தோம். பெயர் ஒன்றாயிருந்தாலும் நாட்டுக்கு நாடு இரப்பர்க் கலவை மாறக்கூடும் என்பதை நான் அறிவேன். ஆனாலும் இங்குள்ள சீட்டு ஒன்றுமே சொல்லாதபோது அங்குள்ள சீட்டைத்தானே நம்ப வேண்டியிருக்கிறது?

இரண்டு வாரம் கழித்து மாமனாரிடமிருந்து தொலைபேசி. "ஏனுங் மாப்பிள்ளை, பழைய டயர்ல இருவத்திநாலு குடுத்துட்டிருந்த வண்டி இப்ப இருவத்திரண்டரைதானுங் குடுக்குது. உங்க கணக்கு எங்கியோ உதைக்குதுங்களே!"

உதைக்கவில்லை. புதிய டயரின் பட்டைக் கனம் 8 மி.மீ.; அவருடைய பழைய டயரில் எஞ்சியிருந்தது 2 மி.மீ. ஆரம் 345 மி.மீ. உள்ள டயரில் 6 மி.மீ. தேய்ந்தால் சுற்றளவு 1.7 சதவிகிதம் குறைகிறது. சக்கரம் அதிக முறை சுழல்கிறது; தூரங்காட்டி சுழற்சியைத்தான் எண்ணுகிறது. ஓடாத தூரத்தையெல்லாம் ஓடியதாக அது காட்டிக்கொண்டிருந்தது. அவர் பெருமைப்பட்ட மைலேஜில் 0.4 கி.மீ. வெறும் கணக்குப் பிழை. மீதி உண்மையானது: தேய்ந்த டயரில் அமுங்கும் இரப்பர் குறைவாதலால் உருளும் தடை பத்து முதல் இருபது சதவிகிதம் வரை குறைந்திருக்கும். எனவே எந்தக் கம்பெனி டயரானாலும், எத்தனை நட்சத்திரமானாலும், புதிதாகப் போட்டதும் மைலேஜ் சற்று இறங்கவே செய்யும்.

அவர் கார் மிக அதிக மைலேஜ் கொடுத்தது சென்ற ஐப்பசி மாதத்தில். அதே ஐப்பசியில்தான், ஒரு மழை நாளில், காரமடைக்கு இப்பால் பிரேக்கை முழுவதும் மிதித்தும் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய் முன்னே நின்ற டெம்போவின் பின்பலகையில் மோதியது. நல்லவேளையாக நசுங்கியது தகரம் மட்டுமே. இதை அவருக்கு நினைவூட்டினேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அந்தத் தூரங்காட்டி விசயத்தை மட்டும் நேர்ல பாத்துப் போடலாமுங்களா?" என்றார்.

அடுத்த ஞாயிறன்று சாலையோரத்துக் கிலோமீட்டர்க் கற்களை எண்ணிக்கொண்டே பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து வடக்கே பத்துக் கல் தூரம் போனோம். தூரங்காட்டி பத்துக்கு மேல் ஒன்றும் அதிகமாகக் காட்டவில்லை. பழைய டயர்கள் வீட்டுப் பின்புறத்தில் கிடக்கின்றன. அவற்றை மீண்டும் மாட்டி அதே தூரம் ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். மழை வருகிற மாதிரி இருந்ததால் நான் ஒப்புக்கொள்ளவில்லை.